தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை

ஜூன் 2, ஞாயிறு

பெண்கள் ஐக்கிய சங்கத்தில் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி இது. ஆண்டவர் செய்த நன்மைகளை இதில் எழுதிவைத்து, வருகிற ஜனவரிக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் எழுந்து வாசிக்க வேண்டும் என்று எங்கள் சபைப் போதகரான ஐயரின் மனைவி, ஐயரம்மா, அப்போதே சொல்லிவிட்டார்கள். மற்றவர்கள் ஜனவரியிலேயே ஆரம்பித்துவிட்டார்களாம். நான் எழுதும்படியாக ஒன்று வரட்டும் என்று காத்திருந்தேன். இன்று வந்தது.

என் பேத்தி ஹெப்சிபா கோயம்புத்தூரில் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் பாட்டு டீச்சர். அவள் பழக்கிய பிள்ளைகள் குழுப்பாட்டுப் போட்டியில் முதல் பரிசு வாங்கி, கேடயத்தோடு நிற்கிறார்கள். காலையில் போனில் படம் வந்தது. அதை கோயில் வாசலிலேயே ஐயருக்குக் காட்டிவிட்டேன். முதல் நற்கருணைக்கு முன்னால் நடக்கும் திடப்படுத்தல் வகுப்பில் வசனம் ஒப்பித்ததிலும் அவள்தான் முதல். கிறிஸ்மஸ் கீத ஆராதனையில் விளக்கை எல்லாம் அணைத்த பிறகு, பெரிய வாசலிலிருந்து மெழுகுவர்த்தியை ஏந்தி, முதல் பாட்டைத் தனியாகப் பாடிக்கொண்டு வருகிறவள் எப்போதும் அவள்தான்.

அவள் தம்பி ஜாஸ்பர். வாலிபாலில் மாவட்ட அணி. கல்லூரியில் விளையாட்டுக்காகவே இடம் கொடுத்தார்கள். பேப்பரில் படம் வந்திருக்கிறது. பின்வரிசையில் பாதி முகம் தெரியும், ஆனாலும் அவன்தான். அவன் எழும்பி அடித்தால் பந்து தரையில் விழுந்த பிறகுதான் எதிராளி கையை நீட்டுவான்.

இரண்டு பேரும் என் மகன் ஆல்பர்ட்டின் பிள்ளைகள். நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. என் சிநேகிதி தங்கபாய் எட்டு வரை படித்தவள். அவள் வீட்டுச் சுவரில் ஒரு கேடயமும் கிடையாது.

இதையும் எழுத வேண்டும். ஹெப்சிபாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று மருமகள் விமலாவுக்குக் கடும் காய்ச்சல். நான்தான் ஞானத்தாயாக நின்று பிள்ளையை ஏந்தினேன். மார்கழிக் குளிர். அப்போதிருந்த பெரிய ஐயர் மூன்று தரம் தலையில் தண்ணீர் விட்டும் பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. அசந்து தூங்கிக்கொண்டே இருந்தது. "இத்தனை வருஷ ஊழியத்தில் இப்படி ஒரு சமாதானமான பிள்ளையை நான் பார்த்ததில்லை" என்றார். இந்த ஊரில் இதை என் வாயால் கேட்காதவர் இருக்க முடியாது.

சுவரில் இருப்பது ஹெப்சி திடப்படுத்தலுக்கு வெள்ளைச் சேலை கட்டி, நான் போட்ட கம்மலோடு எடுத்த போட்டோ. பழசாகிவிட்டது. கேடயத்தோடு ஒன்று எடுத்துத் தபாலில் போடச் சொல்ல வேண்டும். போனில் பார்ப்பதெல்லாம் போட்டோ ஆகாது.

ஜூன் 14, வெள்ளி

சங்க ஜெபம் ஐயர் பங்களாவில். நெய் பிஸ்கட், டீ.

என் முறை வந்தபோது, மேற்குத் தெருவில் பச்சை கேட் போட்ட வீட்டு மருமகனைக் குடியிலிருந்து விடுவிக்கும்படி உருக்கமாக ஜெபித்தேன். எனக்கே கண்ணீர் வந்தது. பேர் சொல்லவில்லை. மேற்குத் தெருவில் பச்சை கேட் தங்கபாய் வீட்டுக்கு மட்டும்தான் என்பது உண்மை. ஆனால் ஜெபிக்கும்போது ஒரு அடையாளம் வேண்டாமா? "ஞானப்பூ, நீ மட்டும் இதுக்காக ஜெபிச்சுக்கோ" என்று என்னிடம் சொன்னவளும் தங்கபாய்தானே. ஒருத்தி ஜெபிப்பதை விட எல்லோரும் சேர்ந்து ஜெபித்தால் பலன் அதிகம்.

தங்கபாய் டீ குடிக்காமல் போய்விட்டாள். தலைவலியாம்.

ஜூன் 17, திங்கள்

முருங்கைக்காய் நிறையக் காய்த்திருக்கிறது. தங்கபாய்க்கு ஒரு கட்டு கொடுத்தனுப்பினேன். வாங்கிக்கொண்டாளாம். ஒன்றும் சொல்லவில்லையாம்.

ஜூன் 30, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு ஹெப்சி எனக்குத் தனியாகப் போன் போடுவாள். இன்று ஜாஸ்பரின் மேட்ச் பார்க்க நான் மைதானத்தில் இருந்தபோது போட்டாள். புதுசாக ஒரு கேள்வி கேட்டாள்.

"ஆச்சி, எனக்கு ஞானஸ்நானம் குடுத்த அன்னைக்கு நான் அழுதேனா?"

"அழவா? நல்லா கேட்ட போ. மூணு தரம் தண்ணி விட்டும் கண்ணு முழிக்கலியே. தூங்கிட்டுல்லா இருந்த."

"ஒண்ணுமே தெரியாமயா?"

"ஒண்ணுமே தெரியாம."

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. டவர் சரியில்லை போல. நான் இரண்டு தரம் "ஏட்டி, ஏட்டி" என்றேன்.

"ஆச்சி, நான் ஒண்ணு சொன்னா கோவப்படுவியளா?"

"கேடயத்தோட போட்டோ எடுத்தியா?"

"எடுக்கேன் ஆச்சி. நான் சொல்ல வந்தது வேற..."

இங்கே ஜாஸ்பருக்கு மைதானத்தில் விசில் அடித்துவிட்டார்கள். "மேட்ச் தொடங்கிட்டு மக்கா, அடுத்த வாரம் பேசுவோம்" என்று வைத்துவிட்டேன்.

ஜாஸ்பர் அணி ஜெயித்தது. நடுவர் ஒருதலைப்பட்சம். கோட்டுக்கு உள்ளே விழுந்த பந்தை வெளியே என்றான். நாற்காலியை விட்டு எழுந்து அவனிடம் ஒரு வார்த்தை கேட்டேன். ஜாஸ்பர் வலையைப் பிடித்துக்கொண்டு, "ஆச்சி, நீங்க உக்காருங்க, என்னைய வெளியே அனுப்பிருவாவ" என்றான். கூட்டம் சிரித்தது. சிரிக்கட்டும். பந்து உள்ளேதான் விழுந்தது.

ஜூலை 21, ஞாயிறு

மூன்று வாரமாக ஹெப்சி அம்மாவுக்கும் அப்பாவுக்கும்தான் போன் போடுகிறாள். பின்வாசலில் நின்று பேசுகிறார்கள். நான் கேட்டால் "சம்பள விஷயம் அம்மா" என்கிறான் ஆல்பர்ட்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஆல்பர்ட், விமலா, ஜாஸ்பர் மூவரும் கோயம்புத்தூர் போகிறார்கள். ஹெப்சி ஹாஸ்டல் மாறுகிறாளாம், சாமான் தூக்க ஆள் வேண்டுமாம். நாளைக்கு ஜாஸ்பருக்கு திசையன்விளையில் இறுதிப் போட்டி. அதை விட்டுவிட்டுச் சாமான் தூக்கப் போகிறான்.

"ஒரு கட்டிலும் ஒரு ஆர்மோனியமும் தூக்க மூணு ஆளாடே?" என்றேன்.

"அக்கா கூப்பிட்டுட்டா ஆச்சி" என்றான். என் முகத்தைப் பார்க்காமல் ஷூவுக்குக் கயிறு கட்டினான்.

நானும் வருகிறேன் என்றேன். பஸ்ஸில் என் கால் வீங்கிவிடும் என்றாள் விமலா. என் காலைப் பற்றி அவளுக்கு எப்போது இவ்வளவு கவலை வந்தது என்று தெரியவில்லை. அதிரசம் சுட்டுக் கொடுத்தனுப்பினேன். ஹெப்சிக்கு என் கையால் சுட்டதுதான் பிடிக்கும்.

ஆகஸ்ட் 12, திங்கள்

வந்துவிட்டார்கள். ஜாஸ்பர் இல்லாமல் அவன் அணி தோற்றுவிட்டது.

விமலா பையிலிருந்து பெரிய துண்டு ஒன்றை ஈரத்தோடு எடுத்துக் கொடியில் போட்டாள். பஸ்ஸில் தண்ணீர் பாட்டில் கொட்டிவிட்டதாம். சுற்றி இருந்த துணியெல்லாம் காய்ந்தே இருந்தது.

புது ஹாஸ்டல் எப்படி என்று கேட்டேன். ஆல்பர்ட் மூன்றாவது மாடி என்றான். விமலா கீழ்த்தளம் என்றாள். பிறகு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

அதிரசம் நன்றாக இருந்ததாம்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பீரோவில் போர்வை எடுக்கும்போது விமலாவின் நகைப்பெட்டி தட்டுப்பட்டது. அதற்குள் ஹெப்சியின் கம்மல். திடப்படுத்தலுக்கு நான் போட்டது. என் அம்மா எனக்குப் போட்டதை அழித்துச் செய்தது. விமலாவிடம் கேட்டேன்.

"திருகாணி லூசா இருக்கு அத்தே. பத்தருக்கிட்ட குடுக்கணும்னு ஹெப்சி குடுத்துவிட்டா."

திருகிப் பார்த்தேன். என் கைக்கு நன்றாகத்தான் பிடித்தது. இருந்தாலும் தினமும் போடுகிறவளுக்குத்தானே தெரியும்.

செப்டம்பர் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்து பாடகர் குழு லீடர் சாலமோன் சாரிடம், "கீத ஆராதனை டிசம்பர் பதினைஞ்சாம் தேதிதான சார்? ஹெப்சிய லீவு சொல்லச் சொல்லட்டுமா?" என்றேன். அவர் ஆர்மோனியப் பெட்டியின் மேல் தூசு தட்டினார். அதில் தூசு இல்லை.

"சொல்லுங்க பாட்டி. எதுக்கும் இங்க ஒரு பிள்ளையும் ரெடியா இருக்கட்டும். எவாஞ்சலினை பாடிப் பார்க்கச் சொல்லியிருக்கேன்."

எவாஞ்சலின் தங்கபாயின் பேத்தி. மூக்கால் பாடுவாள்.

"எந்த வருஷம் என் பேத்தி வராம இருந்திருக்கா?" என்றேன். அவர் "அதுக்கில்ல பாட்டி" என்றார். எதற்கு என்று சொல்லவில்லை. பின்னால் நின்ற ஐயரம்மா என் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். எனக்கு என்ன துக்கம் வந்தது, தட்டிக்கொடுக்க?

அக்டோபர் 11, வெள்ளி

கடைசியில் தபாலில் போட்டோ வந்துவிட்டது. நான் கேட்டுக் கேட்டு நாக்கு வறண்ட பிறகு. கேடயத்தோடு இல்லை, சும்மா நிற்கிறாள். நீலச் சேலை. மெலியவில்லை. காதில் கம்மல் மின்னுகிறது.

எழுதிய பிறகுதான் யோசிக்கிறேன். அந்தக் கம்மல் இங்கே பீரோவில் அல்லவா இருக்கிறது? அதே மாதிரி வேறு ஒன்று வாங்கியிருப்பாள். இந்தக் காலத்தில் எல்லா மாடலும் கடையில் கிடைக்கிறது.

சங்கக் கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டு போய் எல்லோருக்கும் காட்டினேன். தங்கபாய் கண்ணாடியைப் போட்டு உற்றுப் பார்த்தாள்.

"போன கிறிஸ்மஸுக்குக் கட்டுன சேலைல்லா இது?"

"பிள்ளைகள் ஒரு சேலையை ஒரு நாளா கட்டும்?"

"அதானே" என்று சிரித்துப் போட்டோவைத் திருப்பிக் கொடுத்தாள். அடுத்து இருந்தவள் வாங்கிப் பார்க்கவே இல்லை. டீ ஆறிவிடும் என்றாள்.

சுவரில் மாட்டவில்லை. பைபிளுக்குள் வைத்திருக்கிறேன்.

நவம்பர் 15, வெள்ளி

சங்க ஜெபம் எங்கள் வீட்டில். காலையிலிருந்து விமலாவுக்குக் கைகால் ஓடவில்லை. போண்டாவுக்கு உப்புப் போட மறந்துவிட்டாள், நான் போட்டேன். முன்னறையில் ஜமுக்காளம் விரித்தோம். ஹெப்சியின் வெள்ளைச் சேலைப் போட்டோவை ஈரத்துணியால் துடைத்து நேராக மாட்டினேன்.

பாட்டு, வேதவாசிப்பு, பிறகு ஜெபம். எல்லோரும் கண்ணை மூடினோம். வரிசையாக ஒவ்வொருத்தியாக ஜெபித்து வந்தார்கள். மழைக்கு, ஐயருடைய முழங்காலுக்கு, எல்லாம் ஆயிற்று. தங்கபாய் முறை வந்தது. அவள் ஜெபிக்கும்போது குரல் இறங்கி, பெரிய புத்தகத் தமிழாக வரும்.

"அன்பின் பரலோகப் பிதாவே, இந்த வீட்டுக்காக விசேஷமாய் ஜெபிக்கிறோம். எங்கள் நடுவில் வளர்ந்து, இந்தச் சபையிலே பாடி, இப்போது வேறே கூட்டத்தோடே சேர்ந்து, தண்ணீர்த்தொட்டியில் மூழ்கி, மறுபடியும் ஞானஸ்நானம் பெற்று, காதிலும் கழுத்திலும் உள்ளதைக் கழற்றிப்போட்ட அந்த வாலிபப் பிள்ளையை நினைத்தருளும். அதை மறைத்துவைத்து வேதனைப்படுகிற தகப்பனையும் தாயையும் பலப்படுத்தும். ஒன்றும் அறியாமல் இன்னும் பெருமை பேசிக்கொண்டிருக்கிற வயதான எங்கள் சகோதரியைத் தேற்றும்."

பேர் சொல்லவில்லை.

நான் கண்ணைத் திறந்தேன். ஜெபத்தின் நடுவில் நான் கண் திறந்தது இதுதான் முதல். வட்டமாக எல்லோரும் தலைகுனிந்து, கண்ணை மூடி இருந்தார்கள். ஒருத்தி முகத்திலும் அதிர்ச்சி இல்லை. ஒருத்தியும் மூச்சை இழுக்கவில்லை. புதுச் செய்தியைக் கேட்கிறவர்கள் அப்படி இருப்பார்களா? ஐயரம்மா "ஆமென், ஆமென்" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். விமலா முந்தானையை வாயில் வைத்திருந்தாள்.

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. போட்டோவைக் கையில் வாங்கிப் பார்த்தபோதும் தெரிந்திருக்கிறது.

அடுத்த முறை என்னுடையது. காத்திருந்தார்கள். "ஆண்டவரே, எங்கள் எல்லாரையும் ஆசீர்வதியும், ஆமென்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

பிறகு எழுந்து போண்டா பரிமாறினேன். தங்கபாய் தட்டில் சட்னி தாராளமாக ஊற்றினேன். "போதும் ஞானப்பூ" என்றாள். "சாப்பிடு, உப்பு சரியா இருக்கா பாரு" என்றேன். "எல்லாம் சரியா இருக்கு" என்றாள்.

கேட் வரை போய் ஒவ்வொருத்தியையும் அனுப்பிவைத்தேன்.

நவம்பர் 16, சனி

நேற்று எழுதக் கை வரவில்லை, மீதியை இன்று எழுதுகிறேன். இதை ஜனவரியில் வாசிக்கப் போவதில்லை.

எல்லோரும் போன பிறகு விமலா தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எப்ப விமலா?"

"அத்தே..."

"சாமான் தூக்கப் போனியளே, அன்னைக்கா?"

தலையை ஆட்டினாள்.

"அந்தத் துண்டு?"

"தொட்டியில இருந்து ஏறி வந்ததும் நான்தான் போத்திவிட்டேன் அத்தே." அழுதாள். அழுதுகொண்டே டம்ளர்களைக் கழுவினாள்.

ஆல்பர்ட் வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான். அவனுக்கு யாரோ அதற்குள் போன் போட்டிருக்கிறார்கள்.

"எனக்கு மட்டும் சம்மதமாம்மா? தாய்ச்சபையை விட்டுட்டுப் போறேன்னா எந்தத் தகப்பனுக்குப் பிடிக்கும்? வந்து நிக்கலைன்னா பிள்ளை மனசு ஒடிஞ்சுருமேன்னு போனேன்."

"என்னைய ஏன்ல கூட்டிட்டுப் போகல?"

"உங்ககிட்ட சொன்னா நீங்க ஊரைக் கூட்டிருவிய."

"இப்ப ஊரு கூடலியோ?"

அவன் அப்போதுதான் செருப்பைக் கழற்றினான். ஊருக்கு யார் சொன்னது என்று கேட்டேன். விமலாதான். செப்டம்பரில் மனம் தாங்காமல் ஐயரம்மாவிடம் போய், ஜெபத்துக்காக மட்டும் என்று சொன்னாளாம். ஐயரம்மா ஜெபத்துக்காக மட்டும் இன்னும் இரண்டு பேரிடம் சொன்னார்களாம். அந்த இரண்டு பேரில் ஒருத்தி யார் என்று நான் கேட்கவில்லை.

"அந்தப் போட்டோ?"

"போன வருஷத்துது அத்தே. காது தெரியாம எடுக்க முடியல. நீங்க கேட்டுக்கிட்டே இருந்திய."

ஜாஸ்பர் கதவோரம் நின்றான். அவனைப் பார்த்து, "நீயும்ல்லாடே" என்றேன். அவனிடம் அன்றைய வீடியோ இருக்கிறதாம், பார்க்கிறீர்களா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். "அக்கா சிரிச்சுக்கிட்டே ஏறி வந்தா ஆச்சி" என்றான். சிரிக்கட்டும்.

மூன்று பேரும் பஸ்ஸில் என் அதிரசத்தைக் கையில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். எனக்கு அதுதான் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

நவம்பர் 17, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். எப்போதும் உட்காரும் இடத்தில்தான் உட்கார்ந்தேன்.

நவம்பர் 24, ஞாயிறு

ஹெப்சி போன் போட்டாள். அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். விமலா போனை என் காதில் வைத்தாள். "ஆச்சி" என்றாள் ஹெப்சி. நான் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாழைக்குத் தண்ணீர் விடப் போனேன். விட்ட வாழைக்கே திரும்பவும் விட்டேன் என்று பிறகுதான் தெரிந்தது.

டிசம்பர் 14, சனி

ஹெப்சி வந்துவிட்டாள். யாரும் கூப்பிடவில்லை, தானாக வந்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்து நின்றாள். காதில் ஒன்றும் இல்லை. துளை மட்டும் தெரிகிறது. அதைக் குத்தியபோதும் என் மடியில்தான் கிடந்தாள். அதற்கு மட்டும் ஊரைக் கூட்டி அழுதாள்.

"சாப்பிட்டியா?" என்றேன். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன், வாய் கேட்டுவிட்டது.

"ஆச்சி, எங்கூடப் பேசுங்க."

"என்ன பேச? தண்ணி நல்லா இருந்துச்சா?"

என் காலடியில் உட்கார்ந்தாள்.

"நான் உன்னைத் தூக்கிட்டுப் போய் நின்னேனே, அது என்னது? குளிப்பாட்டவா கூட்டிட்டுப் போனேன்? பெரிய ஐயர் கேட்டதுக்கெல்லாம் உனக்குப் பதிலா நான்ல்லா வாக்குக் குடுத்தேன். எல்லாம் பொய்யின்னு ஆக்கிட்டியே."

"பொய்யின்னு நான் சொல்லவே இல்ல ஆச்சி. நீங்கதான சொன்னிய, நான் தூங்கிட்டு இருந்தேன்னு. சின்ன வயசில இருந்து எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்லுவிய. கேட்டுக் கேட்டு எனக்கு ஒரு ஏக்கம். முழிச்சிருந்து ஒரு தடவை அந்த வாக்கை நானே சொல்லணும்னு தோணிச்சு. அவ்வளவுதான்."

"அதை எனக்கிட்ட சொல்லணும்னு தோணலியோ?"

"போன்ல சொல்ல வந்தேன். மேட்ச் தொடங்கிட்டுன்னு வச்சிட்டிய."

"பிறகு?"

"பிறகு பயந்துட்டேன். அப்பா வேண்டாம்னாவ. சரின்னு விட்டுட்டேன். அது என் தப்பு ஆச்சி. மத்தது தப்புன்னு நான் சொல்லமாட்டேன்."

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று விமலா இதைக் கேட்டுக்கொண்டே முனகினாள். அவளுக்குத் தெரியாதா, எங்கிருந்து என்று?

நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

கீத ஆராதனை. போக வேண்டாம் என்று நினைத்தேன். போகாவிட்டால் அதற்கும் ஒரு ஜெபம் போடுவார்கள் என்று போனேன்.

விளக்கை அணைத்தார்கள். பெரிய வாசலில் மெழுகுவர்த்தியோடு எவாஞ்சலின். மூக்கால் பாடவில்லை. நன்றாகவே பாடினாள். அதை எழுதாமல் இருக்கலாம், ஆனால் எழுதிவிட்டேன். தங்கபாய் இரண்டாவது வரிசையில் தலையை நிமிர்த்தி இருந்தாள். நானும் ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான் நிமிர்ந்து இருந்திருப்பேன்.

ஹெப்சி வரவில்லை. வீட்டில் இருந்தாள். சாலமோன் சார் அவளைக் கூப்பிடவும் இல்லை, அவள் பாடுகிறேன் என்று கேட்கவும் இல்லை.

திரும்பி வரும்போது பின்வாசல் வழியாக வந்தேன். அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டு அந்த முதல் பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தாள். சத்தமாக இல்லை, தனக்காகப் பாடுகிற மாதிரி. நான் கொடியில் கிடந்த துணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசி அடிக்கு முன்னால் எப்போதும் மூச்சு வாங்குவாள், இன்றும் வாங்கினாள். பாட்டு முடியும் வரை உள்ளே போகவில்லை. முடிந்த பிறகும் உடனே போகவில்லை.

டிசம்பர் 16, திங்கள்

காலை பஸ்ஸில் போய்விட்டாள். ஜாஸ்பர் வண்டியில் கொண்டுவிட்டான். என் காலைத் தொட்டாள். நான் தலையில் கை வைத்தேன், வாயால் ஒன்றும் சொல்லவில்லை.

அதிரசம் சுடவில்லை.

டிசம்பர் 25, புதன்

கிறிஸ்மஸ். கேக் வந்தது, கொடுத்தனுப்பினோம்.

ஜனவரி 10, வெள்ளி

சங்கக் கூட்டம், ஐயர் பங்களா. டைரி வாசிக்கும் நாள். போக வேண்டாம் அத்தே என்றாள் விமலா. நான் கஞ்சி போட்ட சேலையைக் கட்டிக்கொண்டு போனேன்.

ஒவ்வொருத்தியாக எழுந்து வாசித்தார்கள். தங்கபாய் தன் பேத்தி கீத ஆராதனையில் பாடியதை இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் மருமகன் இப்போது ஒழுங்காக வேலைக்குப் போகிறானாம், அதையும் வாசித்தாள். அதை வாசிக்கும்போதும் என்னைத்தான் பார்த்தாள்.

என் முறை வந்ததும் ஐயரம்மா அவசரமாக, "அம்மா, உங்களுக்கு முடியலைன்னா பரவாயில்ல" என்றார்கள். எல்லோரும் மடியைப் பார்த்துக்கொண்டார்கள்.

எழுந்து ஜூன் இரண்டாம் தேதியை வாசித்தேன். கேடயம், வசனம், வாலிபால், பேப்பரில் வந்த பாதி முகம் எல்லாம். தூங்கிய கதையையும் விடவில்லை. எல்லோருக்கும் மனப்பாடம்தான், கேட்கட்டும் என்று வாசித்தேன். முடித்த பிறகு டைரியை மூடிவிட்டு, வாசிக்காததைச் சொன்னேன்.

"ஆகஸ்ட்ல என் பேத்தி ஹெப்சிபா இன்னொரு தரம் ஞானஸ்நானம் எடுத்தா. இந்தத் தடவை முழிச்சிருந்தா. எனக்கு அது பிடிக்கல. எனக்கிட்ட மறைச்சது அதைவிடப் பிடிக்கல. ஆனா அவ என் பேத்தி. அவளைப் பத்தி இனிமே யாருக்காவது ஏதாவது தெரியணும்னா எனக்கிட்ட வந்து கேளுங்க. கண்ணை மூடிக்கிட்டுச் சொல்ல வேண்டாம், திறந்துக்கிட்டே கேளுங்க."

யாரும் ஆமென் சொல்லவில்லை. தங்கபாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். டீ வந்தது. குடித்துவிட்டு வந்தேன். இந்த வருஷத்துக்கும் டைரி கொடுத்தார்கள். வாங்கவில்லை.

ஜனவரி 11, சனி

இதில் சில பக்கம் மிச்சம் இருக்கிறது. இந்தப் பக்கத்தைக் கிழித்து ஜாஸ்பரிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்லப் போகிறேன்.

ஹெப்சிபாவுக்கு,

உன் ஆச்சி எழுதுவது. நான் சுகம். உங்கள் எல்லோரையும் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் அப்பனோடு வேண்டிய வார்த்தைதான் பேசுகிறேன். தங்கபாய் வீட்டுக்கு முருங்கைக்காய் அனுப்புவதை நிறுத்திவிட்டேன், மரத்திலேயே முற்றுகிறது. அந்தக் கம்மலை உன் அம்மாவிடமிருந்து வாங்கி என் பெட்டியில் வைத்திருக்கிறேன். திருகாணி நன்றாகத்தான் இருக்கிறது. உனக்கு வேண்டாம் என்றால் கிடக்கட்டும்.

ஜாஸ்பர் அணி பொங்கல் போட்டியில் இறுதிக்கு வந்துவிட்டது. இந்தத் தடவை அவன் சாமான் தூக்க எங்கேயும் போகக் கூடாது.

நீ அனுப்பிய நீலச் சேலைப் போட்டோவை இதோடு திருப்பி அனுப்புகிறேன். அது எனக்கு வேண்டாம். சுவரில் வெள்ளைச் சேலைக்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்து வைத்திருக்கிறேன், அது சும்மா இருக்கிறது. நல்ல ஸ்டூடியோவுக்குப் போய், முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளி, இப்போது நீ எப்படி இருக்கிறாயோ அப்படியே புதுசாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் போடு. பிளாஷ் அடிக்கும்போது கண்ணை மூடிவிடாதே.